தொழிலாளர் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ

பொருளுடையார்க்கு வழக்கறிஞர் துணை எளிதிற் கிடைக்கும்; கூலி வேலை செய்து பிழைப்பார்க்கு அஃது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தொழிலாளர் நீதிமன்றத்துட் புகுந்தது பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டின் வழியாகவே. அவர் கூடிப் பேசி வேலையை நிறுத்தினால் அது சதி எனப்பட்டது. தடையுத்தரவை மீறினால் மன்றத்தை அவமதித்த குற்றம் எனப்பட்டது. அக்கூண்டில் நின்றோர் சார்பாக எழுந்து, அவர்தம் கூலி, வேலைநேரம், குடியிருப்பு, பிள்ளைகளின் நிலை ஆகிய யாவற்றையும் நீதிபதிகளின் செவியில் ஏற்றியவர் கிளாரன்ஸ் டாரோ. அவருடைய வாழ்க்கையிற் புகழத்தக்கதும் உண்டு. அஞ்சி ஆராயத்தக்கதும் உண்டு.

டாரோ 1857-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள் ஒஹையோ மாகாணத்திற் பிறந்து, கின்ஸ்மன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் சமயநூற் பயிற்சி பெற்றவர். ஆயினும் குருத்தொழிலை மேற்கொள்ளாது, மரச்சாமான்களும் சவப்பெட்டிகளும் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். வீட்டிற் செல்வம் இல்லை, நூல்கள் மிக்கிருந்தன. அடிமைமுறையை வெறுத்த குடும்பம் அது. டாரோ அலெகெனி கல்லூரியில் ஓராண்டு பயின்றார். சிலகாலம் கிராமப் பள்ளியில் ஆசிரியராயிருந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு சட்டம் கற்று, 1878-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். ஒஹையோவின் சிற்றூர்களிற் சிறு வழக்குகளை நடத்திய பின், 1887-இல் சிக்காகோ நகரம் சேர்ந்தார்.

அந்நகரில் ஜான் ஆல்ட்கெல்டு என்பவரின் நட்பு அவருக்கு வாய்த்தது. பின்னாளில் இல்லினாய் மாகாணத்தின் ஆளுநரான ஆல்ட்கெல்டு, சிறைகளை நிரப்புவோர் பெரும்பாலும் ஏழைகளே என்பதை ஒரு நூலில் எடுத்துக் காட்டியிருந்தார். அந்நூல் இளம் வழக்கறிஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. எனினும் வாழ்க்கை அவரை வேறு வழியிற் செலுத்திற்று. முதலில் நகராட்சியின் சட்ட அலுவலராயினார். பின்னர்ச் சிக்காகோ வடமேற்கு ரெயில்வே கம்பெனியின் வழக்கறிஞராயினார். நல்ல சம்பளமும் உயர்ந்தோர் உறவும் வாய்த்த பதவி அது.

1894-ஆம் ஆண்டு அவருக்குச் சோதனை வந்தது. ரெயில்வண்டிகளிற் படுக்கைப் பெட்டிகள் கட்டிவந்த புல்மன் கம்பெனி தன் தொழிலாளரின் கூலியை ஏறக்குறையக் காற்பங்கு குறைத்தது; அவர்கள் குடியிருந்த கம்பெனி வீடுகளின் வாடகையையோ குறைக்கவில்லை. மே மாதத்தில் அவர்கள் வேலையை நிறுத்தினர். யூஜீன் டெப்ஸ் என்பாரின் தலைமையிலிருந்த அமெரிக்க ரெயில்வே சங்கத்தார், புல்மன் பெட்டி கோத்த வண்டிகளை இயக்கமாட்டோம் என்று நின்றனர். ஜூலை மாதம் 2-ஆம் நாள் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. மத்திய அரசாங்கத்தின் படை நகருட் புகுந்தது. டெப்ஸ் கைது செய்யப்பட்டார். டாரோ தம் முழுநேரப் பதவியைத் துறந்து டெப்ஸின் பக்கம் நின்றார். தமக்குச் சம்பளம் அளித்த வகுப்பாரையே மன்றத்தில் எதிர்ப்பதென்பது சிறிய முடிவன்று.

தபாலைத் தடுக்கச் சதி செய்தனர் என்பது டெப்ஸ் முதலியோர் மீது சாட்டப்பட்ட குற்றம். 1895-இன் தொடக்கத்தில் நடந்த விசாரணையில் டாரோ அக்குற்றச்சாட்டைத் திருப்பிப் பிடித்தார். தொழிலாளர் சேர்ந்து ஆலோசித்தது சதியாயின், இருபதுக்கு மேற்பட்ட ரெயில்வே கம்பெனிகளின் மானேஜர்கள் சங்கமாய்க் கூடிக் கூலியைப் பற்றி ஆலோசித்ததற்கு என்ன பெயர் என்று வினவினார். அச்சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகளை மன்றத்திற் கொணருமாறு கோரினார். அந்நிலையில் ஜூரர் ஒருவர் நோயுற்றார், விசாரணை நின்றது, மீண்டும் தொடங்கப்படவேயில்லை. ஆனால் தடையுத்தரவை மீறிய குற்றத்திற்காக டெப்ஸ் ஆறு மாதம் சிறையிருந்தார். உச்ச நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தது. டாரோவின் முதற் பெரும் தொழிலாளர் வழக்கு இவ்வாறு பாதி வெற்றியும் பாதி தோல்வியுமாய் முடிந்தது.

1898-இல் விஸ்கான்சின் மாகாணத்து ஆஷ்காஷ் நகரில், கதவு ஜன்னல் செய்யும் தொழிற்சாலைகளின் மரவேலைக்காரர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வு, வாரந்தோறும் சம்பளம், பெண்டிரையும் பிள்ளைகளையும் வேலை வாங்குவதை ஒழித்தல், சங்கத்தை ஒப்புக்கொள்ளல் என்பன அவர் வேண்டியவை. அவர்களுக்குத் துணைவந்த சங்கச் செயலாளர் தாமஸ் கிட் என்பவரும் வேறிருவரும், பெயின் மரக்கம்பெனியின் வியாபாரத்தைக் கெடுக்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டனர். அரசாங்கத்தின் பெயரால் நடப்பது உண்மையில் ஒரு முதலாளியின் வழக்கே என்று டாரோ வாதித்தார். ஒருவன் தனியே செய்யுங்கால் குற்றமாகாத செயல், பலர் கூடிச் செய்யுங்கால் குற்றமாகுமோ என்பதே அவர் ஜூரிமார் முன் வைத்த வினா. ஒரு மணி நேரத்திற்குள் அவர்கள் மூவரையும் விடுவித்தனர்.

இனி, அவர் தொழிலிற் சிறந்தது என்று கருதத்தக்க செயலைக் கூறுவோம். அது குற்ற வழக்கன்று, மத்தியஸ்த விசாரணை. 1902-ஆம் ஆண்டு மே மாதம் பென்சில்வேனியாவின் கெட்டி நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறக்குறைய 1,47,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஐந்து மாதத்திற்கு மேல் அது நீடித்தது. குளிர்காலம் நெருங்க, நகரங்களில் கரியின்மையால் மக்கள் கலங்கினர். தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் தலையிட்டு, எழுவர் அடங்கிய விசாரணைக் குழுவை அமைத்தார். சங்கத் தலைவர் ஜான் மிட்செல், தொழிலாளர் சார்பில் வாதிக்க டாரோவை அழைத்தார்.

ஸ்க்ராண்டன் நகரிலும் பின்னர்ப் பிலடெல்பியாவிலும் விசாரணை நடந்தது; 558 பேர் சாட்சி கூறினர். டாரோ முதலிற் பேச விட்டது தொழிலாளரையே. சுரங்கத்திற் கையையும் காலையும் இழந்தோர் வந்தனர். கணவரை இழந்த பெண்டிர் வந்தனர். கரியை உடைத்துக் கல்லைப் பொறுக்கும் கொட்டகைகளில் வேலைசெய்த சிறுவர் வந்தனர். பட்டு ஆலைகளில் இரவெல்லாம் உழைத்த சுரங்கத் தொழிலாளரின் சிறுமியர் வந்தனர். தந்தை சுரங்க விபத்தில் இறந்தபின், அவர் வைத்த கடனுக்காகத் தன் கூலி முழுதும் கம்பெனிக் கணக்கிலேயே கழிக்கப்படுவதாகப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கூறினான். முதலாளிகள் கொணர்ந்த கணக்குப் புத்தகங்களுக்கு எதிரே இச்சாட்சியங்கள் நின்றன. 1903 மார்ச்சு மாதத்தில் வெளியான தீர்ப்பு தொழிலாளர்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் கூலியை உயர்த்திற்று. பெரும்பாலோர்க்குப் பத்து மணி வேலையை ஒன்பதாகக் குறைத்தது. எதிர்காலப் பிணக்குகளைத் தீர்க்க இருதரப்பாரும் அமரும் சபையொன்றை நிறுவிற்று. அவர் கேட்டவை யாவும் கிடைக்கவில்லை. சங்கத்தைக் கம்பெனிகள் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் கூலியும் வேலைநேரமும் முதலாளியின் விருப்பத்தை மட்டும் சார்ந்தன அல்ல, பொதுமக்கள் முன் ஆராயத்தக்கன என்பது நிலைநாட்டப்பட்டது.

நான்காண்டுகட்குப் பின் ஐடஹோ மாகாணத்தின் பாய்சி நகரில் அவர் ஓர் உயிர் வழக்கை நடத்தினார். அம்மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் ஸ்டூனென்பர்கு 1905-ஆம் ஆண்டின் இறுதியில் வெடிகுண்டினாற் கொல்லப்பட்டார். குண்டு வைத்த ஹாரி ஆர்ச்சர்டு என்பவன், மேற்கத்திய சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர்கள் ஏவியே அது செய்ததாக வாக்குமூலம் தந்தான். சங்கச் செயலாளர் ஹேவுட் முதலில் விசாரிக்கப்பட்டார். உடந்தையானவனின் வாக்கு ஒன்றையே கொண்டு ஒருவரைத் தண்டித்தல் ஐடஹோச் சட்டத்திற்கு ஒவ்வாது என்பதை டாரோ இறுகப் பற்றினார். ஏறக்குறையப் பதினொரு மணி நேரம் ஜூரிமாரை நோக்கிப் பேசினார். 1907 ஜூலை 28-இல் ஹேவுட் விடுதலை பெற்றார்.

இப்புகழின் உச்சியிலிருந்தே வீழ்ச்சி தொடங்கிற்று. 1910 அக்டோபர் 1-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பத்திரிகைக் கட்டடமொன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது; உள்ளே வேலைசெய்தோர் சுமார் இருபதின்மர் மாண்டனர். இரும்பு வேலைக்காரர் சங்கத்தைச் சார்ந்த மக்னமாரா சகோதரர் கைதாயினர். அவர் குற்றமற்றவர் என்று நம்பி நாடெங்கும் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் அனுப்பினர். டாரோவோ சாட்சியங்களை ஆராய்ந்து, அவர்களை உயிர்த் தண்டனையினின்று காக்க வேறு வழியின்மை கண்டார். 1911 டிசம்பர் 1-இல் சகோதரர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நம்பியிருந்த தொழிலாளர் திகைத்தனர்.

இதற்கு மூன்று நாள் முன்னரே, டாரோவின் கீழ்ப் பணிசெய்த ஒருவர் ஜூரர்க்கு லஞ்சம் கொடுக்க முயன்றபோது பிடிபட்டார். டாரோ அவ்விடத்தருகே காணப்பட்டார். அவரும் குற்றவாளியாய் நிற்க நேர்ந்தது. 1912 ஆகஸ்டில் முதல் வழக்கில் விடுதலை பெற்றார். 1913-இல் நடந்த இரண்டாம் வழக்கில் ஜூரிமார் ஒருமனப்படவில்லை. அவர் உண்மையிற் குற்றம் செய்தாரா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் வேறுபடுகின்றனர். தொழிற்சங்கங்கள் அவரைக் கைவிட்டன; கைப்பொருளும் கரைந்தது. ஐம்பத்தாறு வயதில் அவர் சிக்காகோ திரும்பித் தொழிலை அடியிலிருந்து தொடங்கினார்.

பிற்காலத்தில் அவர் குற்ற வழக்குகளிலே பெரும்புகழ் அடைந்தார். 1925-இல் டென்னசி மாகாணத்திற் பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியர் ஸ்கோப்ஸ் பொருட்டு வாதாடியதையே இன்று பலரும் அறிவர். சமய விஷயத்தில் அவர் ஐயவாதி; அவ்வகையில் நம்மிற் பலர் அவரோடு உடன்படார். 1938 மார்ச்சு 13-ஆம் நாள் சிக்காகோவில் உயிர் நீத்தார்.

ஏழைக்கு முறையான விசாரணை வேண்டும் என்று வாதிப்போர்க்கு அவ்விசாரணையின் தூய்மையே முதற்பொருள். ஜூரரை விலைக்கு வாங்கலாம் என்றால், விலை கொடுக்க வல்லவர் ஏழையல்லர்; செல்வரே. ஆதலால் லாஸ் ஏஞ்சலிஸ் நிகழ்ச்சியின் உண்மை எதுவாயினும், அஃது எழுப்பிய ஐயம் டாரோவின் பெயரை மட்டுமன்றி, அவரை நம்பினோரையும் புண்படுத்தியது. ஸ்க்ராண்டனில் அவர் செய்ததோ எவ்வித ஐயத்திற்கும் இடமின்றி நிற்கின்றது. அங்கே அவர் கையாண்ட கருவி, கூலிக்காரர் தம் வாயாற் சத்தியம் செய்து கூறிய உண்மை ஒன்றே. சட்டம் பயிலக் கருதும் மாணவர் அவ்விரு நகரங்களையும் ஒருங்கே நினைவில் வைப்பாராக.