ரயிலில் கிடைத்த கப்பல்... விமானத்தில் பிறந்த தொழிற்சாலை! யார் இந்த வால்சந்த் ஹிராசந்த்?

ஏப்ரல் 5, தேசிய கடல்சார் தினம். வருஷா வருஷம் செய்திகளில் ஒரு வரியாக வந்து போகும். அந்தத் தேதிக்குக் காரணம் ஒரு பழைய கப்பல். 1919-ல் அதே நாளில்தான் 'லாயல்டி' என்ற நீராவிக் கப்பல் மும்பையிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. கப்பலின் முதலாளிகள் இந்தியர்கள். அன்றைக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை.

அதன் பின்னால் இருந்தவர் வால்சந்த் ஹிராசந்த். 1882-ல் சோலாப்பூரில், குஜராத்தி சமணக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. ரயில்வே கான்ட்ராக்ட் பக்கம் போனார். பாதை போடுவது, சுரங்கம் குடைவது எனக் காசும் பார்த்தார்.

கப்பல் ஆசை வந்தது ரயிலில்தான் என்கிறது அவரது வாழ்க்கைக் கதை. குவாலியர் மகாராஜாவின் கப்பல் ஒன்று விலைக்கு வருவதாகச் சக பயணி ஒருவர் சொல்ல, மும்பையில் இறங்கியதும் அதைப் பார்க்கப் போய்விட்டாராம். 1891-ல் 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் பசிபிக் கடலில் ஓடிய கப்பல் அது; முதல் உலகப் போரில் மருத்துவமனைக் கப்பலாக இருந்தது. நரோத்தம் மொரார்ஜி உள்ளிட்ட நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதை வாங்கினார். சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பிறந்தது.

எதிரி யார் தெரியுமா? தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை முடக்கிய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி! 1914-லேயே அது பி அண்ட் ஓ நிறுவனத்தோடு இணைந்து, லார்டு இன்ச்கேப் தலைமையில் இன்னும் பெரிதாகியிருந்தது. வ.உ.சி.யிடம் காட்டிய அதே கட்டணக் குறைப்பு வித்தையை இங்கேயும் காட்டினார்கள். கம்பெனியையே விலை பேசியும் பார்த்தார்கள். மசியவில்லை.

ஆனால் தாக்குப்பிடிக்க ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1923-ல் 10 ஆண்டு ஒப்பந்தம். இந்தியா, பர்மா, இலங்கைக் கரையோரம் சரக்கு ஏற்றலாம், அதைத் தாண்டக் கூடாது. லண்டனுக்குப் போன கம்பெனி கரையோரத்தில் முடங்கியது. லாயல்டியும் அதே ஆண்டு உடைக்கப்பட்டது. இது தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் சிந்தியாவும் தூத்துக்குடி வழியில்தான் போயிருக்கும். 1929-ல் மொரார்ஜி கார் விபத்தில் இறந்த பிறகு, வால்சந்த் தலைவரானார்.

வானத்தில் நடந்த பேச்சு

1939. கார் தொழிற்சாலைக்காக அமெரிக்கா போய்விட்டு, பசிபிக் கடலைத் தாண்டும் பான் அமெரிக்கன் 'கிளிப்பர்' விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலில் இறங்கி இறங்கிப் பறக்கும் விமானம். பயணம் நாள்கணக்கில் நீளும். பேசுவதற்கு நேரம் நிறைய. உடன் வந்தவர் வில்லியம் பாலி, சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திய அமெரிக்கர். இதையே இந்தியாவில் செய்தால் என்ன என்று பேச்சு ஆரம்பித்தது.

மைசூர் திவான் மிர்சா இஸ்மாயில் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் உதயமானது. அடுத்த ஆண்டே முதல் பயிற்சி விமானம் பறந்தது. ஜப்பான் போரில் குதித்ததும் கதை மாறியது. 1942-ல் வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டது. இன்று தேஜஸ் தயாரிக்கும் எச்ஏஎல் அதன் வாரிசுதான்.

இடையில் 1941-ல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கும் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அங்கே கட்டிய 'ஜல உஷா'வை 1948-ல் பிரதமர் நேரு கடலில் இறக்கி வைத்தார். அடுத்த ஆண்டு வால்சந்தைப் பக்கவாதம் தாக்கியது. 1950-ல் பொறுப்புகளிலிருந்து விலகினார். 1952-ல் விசாகப்பட்டினம் தளமும் அரசின் கைக்குப் போனது. 1953 ஏப்ரல் 8-ல், குஜராத்தின் சித்பூரில் அவர் காலமானார்.