களைப்பிலும் கனிவு காத்த சவேரியார்

மன்னார்த் தீவில் தோட்டவெளி வேதசாட்சிகளின் ஆலயத்தில் நீங்கள் செபித்திருப்பீர்கள். அவ்வேதசாட்சிகளுக்கு ஞானத்தந்தை போன்ற புனித பிரான்சிஸ் சவேரியாரும் நம்மைப்போலக் களைத்துச் சோர்ந்தவரே என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

1506இல் நவார் நாட்டில் பிறந்த அவர், 1542இல் கோவா வந்து, அவ்வாண்டே முத்துக்குளித்துறையை அடைந்தார். 1544 அவருக்குச் சோதனை மிகுந்த ஆண்டு. வடுகப் படைக்கு அஞ்சிக் குமரிமுனை மக்கள் கடற்பாறைகளில் பட்டினி கிடந்தனர். அவர் உணவேற்றிச் சென்ற தோணிகளை எதிர்க்காற்றுத் திருப்பிவிட்டது. அவர் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களில் சுமார் 600 பேரைச் சங்கிலி மன்னன் கொல்வித்தான்.

இந்நெருக்கடியிலும், உடனுழைத்த மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், மக்களைப் பொறுத்துக்கொள்ளும்படியும் அவர்கள் அன்பைப் பெறும்படியும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். வாழ்வே சலித்ததென்று தம் சோர்வையும் மறைக்காமல் எழுதினார். மன்னனைத் தண்டிக்கப் போர்த்துக்கேயப் படையை நாடினார்; 1545இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் மயிலாப்பூரில் புனித தோமையார் கல்லறையருகே சில மாதங்கள் தங்கிச் செபித்து, மனத்தெளிவு பெற்று மலாக்காவுக்குப் புறப்பட்டார்.

நீங்கள் சம்மாட்டியாகவோ, பாடசாலை அதிபராகவோ, அலுவலகத் தலைவராகவோ இருக்கலாம். மேலிருப்பவரின் மனப்பாரம் கீழுள்ளவர்மேல் சினமாக இறங்குவதை நாள்தோறும் காண்கிறோம். களைப்பு குற்றமல்ல. அதை வேலையாளின் தலையில் இறக்குமுன், சவேரியாரைப்போல நம்பிக்கையான ஒருவரிடம் மனந்திறந்து பேசுங்கள். சற்று விலகிச் செபியுங்கள். கட்டளை பிறகு இருக்கட்டும்.