கோணல் பல்லை நேராக்கிய மேதை

பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறோம். பல் கோணலாக இருந்தால்? அதற்கென்றே தனி டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்தத் துறையை உருவாக்கியவர் யார் தெரியுமா? அவர்தான் எட்வர்டு ஆங்கிள்.

1855-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, அமெரிக்காவில் உள்ள பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். 1878-ல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ஆறு வயதுப் பல்

அந்தக் காலத்தில் தெற்றுப் பல்லுக்குப் பல டாக்டர்கள் கண்ட வைத்தியம், குறடால் பிடுங்குவதுதான். ஆங்கிள் அதை ஏற்கவில்லை. கோணலுக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தார்.

ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். இது விழுந்து முளைக்காது. கடைசி வரை இருக்க வேண்டிய பல். மேல் வரிசையும் கீழ் வரிசையும் பொருந்துவதற்கு இதுவே சாவி என்றார் ஆங்கிள்.

1899-ல் கோணல் பற்களை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தி, மற்ற பற்கள் மட்டும் கோணினால் முதல் வகை. கீழ்க் கடைவாய்ப் பல் பின்தங்கினால் இரண்டாவது வகை. முன்தள்ளினால் மூன்றாவது வகை. இன்றும் டாக்டர்கள் இந்தக் கணக்கையே பயன்படுத்துகிறார்கள்.

1900-ல் செயின்ட் லூயிஸ் நகரில், இதற்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1928-ல் புதிய பல் கம்பிக் கருவியை வெளியிட்டார். இன்றைய பல் கம்பிகளுக்கு அதுவே முன்னோடி.

மாணவரின் துணிச்சல்

எந்தப் பல்லையும் பிடுங்கவே கூடாது என்பது ஆங்கிளின் பிடிவாதம். 1930 ஆகஸ்டு 11-ந் தேதி, 75-வது வயதில் காலமாகும் வரை அதில் உறுதியாக இருந்தார்.

அவருடைய மாணவர் சார்லஸ் டுவீடும் அப்படியே வைத்தியம் செய்தார். ஆனால் நேராக்கிய பற்கள் சிலருக்கு மீண்டும் கோணின. தாடையில் இடம் போதாதவர்களுக்குச் சில பற்களை எடுத்தே ஆக வேண்டும் என்று கண்டார். குருவின் கொள்கைக்கு மாறாக, அதை வெளிப்படையாகச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது. இன்று டாக்டர்கள் தேவை பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

தாய்மார்கள் கவனிக்க

விழப்போகும் பல்தானே என்று சொத்தையான பால் பல்லை அலட்சியம் செய்யாதீர்கள். அது காலத்துக்கு முன்பே போய்விட்டால், ஆறு வயதுப் பல் முன்னால் நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் பல், இடமின்றிக் கோணலாக முளைக்கும்.

பால் பல்லைக் காப்பாற்றினால், வரப்போகும் பல்லுக்கு இடம் இருக்கும்.