கடலின் நிறம் கண்ட இராமன்

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்துக் கிடக்கும் பெரிய உவர்நீர் ஏரி, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து, மணல்திட்டுகளால் வங்கக் கடலினின்றும் பிரிக்கப்பட்டுள்ளது. ஏரிக்கரையிலும் கடலோரத்திலும் மீனவர் குப்பங்கள் பல உள. விடியுமுன் படகேறும் மீனவர் ஏரியின் கலங்கல் நீரைக் கடந்து, முகத்துவாரத்தின் வழியே கடலுட் புகுவர். கரையோரம் பழுப்பாகத் தோன்றும் நீர் சற்றுத் தொலைவிற் பச்சையாகும். அதற்கும் அப்பால் ஆழ்ந்த நீலமாகும். ஆயினும் அந்நீலக் கடலில் ஒரு கை நீரை அள்ளிப் பார்த்தால் அதில் நிறம் யாதும் இல்லை! கடலுக்கு நீலம் எங்கிருந்து வந்தது? மிகப் பழைய இக்கேள்வியைப் புதிதாய்க் கேட்டுப் புகழெய்திய தமிழர் சந்திரசேகர வேங்கட இராமன் ஆவார்.

இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் ஆசிரியராய் அமர்ந்தமையால், இராமனின் இளமை அக்கடற்கரை நகரிற் கழிந்தது. பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1904 இல் பி. ஏ. பட்டமும் 1907 இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். மாணவராய் இருந்தபோதே, 1906 இல், ஒளியைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை இலண்டனில் ஓர் அறிவியல் இதழில் வெளிவந்தது.

எனினும், அக்காலத்தில் விஞ்ஞானத்தை நம்பி வாழ்க்கை நடத்த நம் நாட்டில் வழியில்லை. ஆகவே இராமன் நிதித்துறைத் தேர்வெழுதி, 1907 இல் கல்கத்தாவில் அரசாங்க அதிகாரியாய் அமர்ந்தார். அந்நகரில், மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. அதன் ஆய்வுக்கூடம் அந்நாளில் நன்கு பயன்படாமற் கிடந்தது. இராமன் அலுவலகம் செல்லுமுன் காலையிலும், அலுவல் முடிந்தபின் இரவிலும் அங்கேயே உழைத்தார். 1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. கைநிறையச் சம்பளம் தந்த அரசாங்கப் பதவியைத் துறந்து, அதனினும் குறைந்த ஊதியத்துக்கு அவர் இசைந்தார். இல்லறத்தானுக்கு இஃது எளிய முடிவன்று.

ஒலியும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. இழுத்துக் கட்டிய வெறுந்தோலைத் தட்டினால் எழும் ஓசைகள் தம்முள் இணங்கா. ஆதலின் அது சுருதியோடு பொருந்தாது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே உள்ள கரும்பூச்சுத் தோலின் எடையை ஆங்காங்கே மாற்றி, அவ்வோசைகளை வீணைத் தந்தியின் ஓசைகளைப் போல் இசையச் செய்கிறது. நம் முன்னோர் செவியால் கண்டறிந்த இத்திறத்தை இராமன் ஆராய்ச்சியால் விளக்கினார்.

1921 இல் அவர் பல்கலைக்கழக மாநாடு ஒன்றிற்காக இங்கிலாந்து சென்றார். மீளும்போது கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளியே என்பது, ஆங்கிலப் பேரறிஞர் இராலே பிரபு கூறிய விளக்கம். உலகம் மதித்த ஒருவரின் கூற்றாதலின், அதனை ஐயுறுவார் அரியர். இராமனிடம் நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவி இருந்தது. நீரின் மேற்பரப்பிற்பட்டுத் திரும்பும் ஒளியை, தக்க கோணத்திற் பார்த்தால், அது தடுத்துவிடும். அதன் வழியே அவர் நோக்கியபோது நீலம் மறையவில்லை. முன்னினும் மிகுந்து தோன்றிற்று. எனவே அந்நிறம் நீரினுள்ளிருந்தே வருவது என்று தெளிந்தார்.

பகலவனின் வெள்ளொளி பல நிறங்களின் கலப்பு. அது தெளிந்த ஆழமான நீருட் புகும்போது, மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. நீர் செந்நிற ஒளியை உட்கொண்டுவிடுவதற்கே இதிற் பெரும்பங்கு உண்டு என்பது இன்றைய அறிவு. எஞ்சிய நீலத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவது சிதறலாகும். ஒரு கை நீரில் இது நிகழப் போதிய ஆழம் இல்லை. பழவேற்காட்டு ஏரியோ ஆழமற்றது. மழைக்காலத்தில் ஆரணியாறு கொணரும் வண்டலும் அதிற் கலக்கிறது. ஒளி உள்ளே செல்லுமுன் அவ்வண்டல் தன் நிறத்தையே காட்டிவிடும்.

கல்கத்தா திரும்பியபின், மாணவர் துணையோடு ஏழாண்டுகள் இவ்வாராய்ச்சி நடைபெற்றது. அறுபது வகை நீர்மங்கள் சோதிக்கப்பட்டன. 1928 பிப்ரவரி 28 இல், ஒரே நிறமுடைய ஒளியைப் பொருளின்மேற் செலுத்தினால், சிதறும் ஒளியில் வேறு நிறமும் சிறிதளவு தோன்றும் என்பது உறுதியாயிற்று. துறையிற் கட்டிய படகின்மேல் விரைந்து வரும் படகொன்று உரசினால், கட்டிய படகு ஆடும். வந்த படகின் வேகம் குறையும். அவ்வாறே ஒளி தன் ஆற்றலிற் சிறிதை மூலக்கூறுக்கு அளித்துவிட்டு, நிறம் மாறி வெளிவருகிறது. மூலக்கூறு தன் ஆற்றலை ஒளிக்கு அளிப்பதும் உண்டு. இஃது இராமன் விளைவு எனப் பெயர் பெற்றது. இதில் உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழரே, அவர் பெயரையும் உடன் சொல்லுதல் முறை. 1930 இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1933 இல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். எதையும் ஒளிக்காது பேசும் இயல்பினராதலின் நிருவாகத்தில் பிணக்குகள் எழுந்தன. 1937 இல் அப்பதவியை விட்டு, பேராசிரியராகவே தொடர்ந்தார். 1948 இல் தமக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1954 இல் பாரத ரத்தினா விருது பெற்றார்.

முதுமையிலும் நிறத்தின்மேல் அவருக்கிருந்த ஆர்வம் தணியவில்லை. வைரம் முதலிய மணிகளையும் பாறைகளிற் கிடைக்கும் பலவகைக் கனிமங்களையும் திரட்டி ஆராய்ந்தார். அதற்கு முன்னரே கடற்சிப்பிகளையும் அவர் விட்டாரில்லை. சிப்பியின் உட்புறத்தில் மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காய் உள்ளன. அவற்றிற்பட்டு மீளும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடுவதாலேயே அங்கு வானவில் மின்னுகிறது. குப்பத்துச் சிறுவர் பொறுக்கி விளையாடும் சிப்பித் துண்டிலும் இதனைக் காணலாம்.

1970 நவம்பர் 21 இல் இராமன் பெங்களூரில் மறைந்தார். ஒவ்வொரு பொருளும் ஒளியைத் தனக்கேயுரிய வகையில் நிறம் மாற்றுவதால், இராமன் விளைவு இன்று பொருள்களை இனங்காண உதவுகிறது. மணிகள் மெய்யோ போலியோ என்று அதனாற் சோதிக்கின்றனர். கடல்நீரிலும் மீனின் குடலிலும் கிடைக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் எவ்வகையின என்பதையும் அதனாலேயே கண்டறிகின்றனர்.