மோட்டார்ச் சாரதி சேகர் மேத்தா

மாந்தர் வாழ்க்கை ஏற்றமும் இறக்கமும் விரவியது. நேற்று மாளிகையில் வாழ்ந்தார் இன்று வாடகைக் குடிலை நாடுதலும், நேற்று யாரும் அறியாதிருந்தார் இன்று நாடறியப் பெறுதலும் நாம் நாளும் காண்பனவே. ஆயினும், ஏற்றம் வந்தபோது துள்ளாமலும் இறக்கம் நேர்ந்தபோது துவளாமலும், கைக்கொண்ட தொழிலைக் கைவிடாது செய்துசென்றோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக யாம் கருதுபவர், இந்திய மரபிற் பிறந்து ஆப்பிரிக்க மண்ணிற் புகழெய்தி 2006-ம் ஆண்டில் மறைந்த சேகர் மேத்தா என்பார்.

புலவர் சரித்திரமும் வள்ளல்கள் சரித்திரமும் வருதற்குரிய நம் சங்க வெளியீட்டில், மோட்டார் வண்டி ஓட்டியவர் ஒருவரின் சரித்திரம் எற்றுக்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். வில்லியனூரிலும் பாகூரிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், லாரியும் டிராக்டரும் வாடகைக் காரும் ஓட்டிக் குடும்பத்தைக் காப்போர் நம்மவருட் பலர் உளர். அத்தொழிலுக்கும் ஓர் அறிவும் ஓர் ஒழுங்கும் உண்டு. அவற்றை இவர் வரலாறு நன்கு விளக்கும் என்பதே எம் விடை.

சேகர் மேத்தா 1945-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந் தேதி யுகாண்டா நாட்டுக் கம்பாலா நகரிற் பிறந்தார். அவர் குடும்பம் கூர்ஜரத்துப் போர்பந்தர்ப் பக்கத்தினின்றும் கடல்கடந்து சென்றது. அக்குடும்பத்துப் பெரியவரான நாஞ்சி காளிதாஸ் மேத்தா இளமையிலேயே கிழக்கு ஆப்பிரிக்கா சென்று, சிறு வாணிகத்திற் றொடங்கி, லுகாஸி என்னுமிடத்திற் பெருங் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் நிறுவியவர். போர்பந்தரிற் காந்தியடிகள் பிறந்த இல்லத்தை அடுத்து எழுந்துள்ள கீர்த்தி மந்திரம் அவர் பொருளால் அமைந்ததே. இத்தகைய செல்வக் குடியிற் றோன்றிய சேகர், கணக்கேட்டின்முன் அமர்ந்து தோட்டத்து ஊதியத்தை எண்ணியே காலங்கழித்திருக்கலாம். அவர் உள்ளமோ மோட்டார் வண்டியின்பாற் சென்றது. இருபது வயதைக் கடந்த சின்னாளில், ஒரு பி.எம்.டபிள்யூ வண்டியுடன் ராலி என்னும் நெடுவழிப் போட்டியில் இறங்கினார்.

ராலி இன்னதென ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். வட்டமான ஓடுகளத்தைச் சுற்றிச் சுற்றி வருவது மோட்டார்ப் போட்டியில் ஒருவகை. ராலி அத்தன்மைத்தன்று. ஊர்விட்டு ஊர் செல்லும் சாலைகளே அதற்குக் களம். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்த இடைவேளையிற் புறப்படும். அக்காலத்து ஆப்பிரிக்கப் போட்டியில், வழியில் ஆங்காங்கே தணிக்கை நிலையங்கள் இருந்தன. இன்ன நிலையத்தை இன்ன நேரத்துள் அடைதல்வேண்டும் என்பது விதி. பிந்தினால் நிமிஷக் கணக்கிற் றண்டப் புள்ளி ஏறும். முடிவில் எவர் கணக்கிற் புள்ளி குறைவோ அவரே வென்றவர். சாரதிக்கு அருகே துணைவர் ஒருவர் அமர்ந்து வழிக்குறிப்பைப் படித்து, வரவிருக்கும் திருப்பத்தையும் பள்ளத்தையும் முற்கூட்டி உரைப்பார். இருவரும் ஒருமனப்பட்டாலன்றி வண்டி நிலைபெறாது.

இவ்வகைப் போட்டிகளுட் கடியதெனப் பெயர்பெற்றது கிழக்கு ஆப்பிரிக்க ஸபாரி. 1953-ம் ஆண்டில் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா நினைவாகத் தொடங்கிய இது, ஈஸ்டர்ப் பண்டிகையை ஒட்டி நடைபெற்று வந்தது. முதற்கண் கென்யா, யுகாண்டா, தங்கனீக்கா ஆகிய மூன்று நாடுகளிலும், பின்னர்க் கென்யாவில் மட்டிலும், ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் வழி வகுக்கப்பெற்றது. வெயிலெறித்தால் முன்செல்லும் வண்டியின் செம்மட் புழுதி கண்ணை மறைக்கும். மழை பெய்தாலோ, ஐப்பசி அடைமழையில் நம் பாகூர் ஏரிக்கரைப் பக்கத்து வண்டிப்பாதை போலச் சக்கரம் அச்சளவும் சேற்றில் ஆழும். சாலையைப் பிறர்க்கு அடைப்பதுமில்லை. ஆதலின் எதிரே பேருந்தும் வரும், ஆடுமாடும் வரும், வரிக்குதிரையும் வரும். 1963-ம் ஆண்டில் 84 வண்டிகளும், 1968-ம் ஆண்டில் 93 வண்டிகளும் புறப்பட, அவ்விரு முறையும் எல்லையை அடைந்தவை ஏழேழே என்றால் அதன் கடுமையை யாம் வேறு கூறவேண்டா.

இதில் வெல்வதற்கு விரைவு மாத்திரம் போதாது. வண்டியை உடைத்தவர்க்கு வெற்றியில்லை. எங்கே விரையவேண்டும், எங்கே தாழ்க்கவேண்டும், எந்திரம் எவ்வளவு தாங்கும் என்று அறிதலே அங்குக் கலை. இக்கலையில் சேகருக்கு முன்னரே இந்திய மரபினர் ஒருவர் வழிகாட்டியிருந்தார். அவர் கென்யாவிற் பிறந்த பஞ்சாபியர், எந்திரம் பழுதுபார்க்கும் தொழிலில் வளர்ந்த ஜோகிந்தர் சிங். பிறர் ஓட்டிப் பழகிய பழைய வால்வோ வண்டி ஒன்றைக்கொண்டு 1965-ம் ஆண்டில் அவர் ஸபாரியில் வாகை சூடினார்.

சேகர், ஜப்பான் தேசத்து டாட்ஸன் வண்டியுடன் 1971-ம் ஆண்டு ஸபாரியில் இரண்டாமிடம் பெற்றார். எட்கர் ஹெர்மன் என்பார் முதலிடம் கொண்டார். கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போயிற்று.

இதனினும் பேரிடர் ஒன்று மறுவருஷம் வந்தது. 1971-ம் ஆண்டு ஜனவரியில் யுகாண்டா ஆட்சியைக் கைப்பற்றிய இடி அமீன், 1972-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆசிய மரபினர் 90 நாளுள் நாட்டைவிட்டு நீங்கவேண்டுமென ஆணையிட்டான். தலைமுறை தலைமுறையாக ஈட்டிய வீடும் நிலமும் கடையும் ஆலையும் ஒருசொல்லாற் பறிபோயின. பர்மாவிலிருந்தும் சைகோனிலிருந்தும் கையிற் பெட்டியொன்றுடன் திரும்பியோர் குடும்பங்கள் நம் புதுவைப் பக்கத்தில் உண்டு. அவ்வில்லங்களின் முதியோரைக் கேட்டார்க்கு இத்துயரின் கனம் நன்கு விளங்கும். மேத்தா குடும்பமும் பிறந்த மண்ணை விட்டது. சேகர் கென்யாவை வாழிடமாகக் கொண்டார்.

நாட்டை இழந்த துயரம் ஆறுமுன், 1973-ம் ஆண்டு ஈஸ்டர் வந்தது. ராலி வண்டி செய்வோர்க்கு உரிய உலகப் பெரும் போட்டித்தொடர் ஏற்பட்ட முதல் ஆண்டு அது. ஸபாரியும் அதில் ஓர் உறுப்பாயிற்று. லாப்டி ட்ரூஸ் என்பாரைத் துணைவராகக் கொண்டு, டாட்ஸன் 240இஸட் வண்டியிற் சேகர் புறப்பட்டார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து முடிவெல்லையிற் கணக்குப் பார்த்தபோது, அவருக்கும் ஸ்வீடன் தேசத்து ஹாரி கால்ஸ்ட்ரோமுக்கும் தண்டப் புள்ளி ஒத்துநின்றது! அத்தகைய நிலையில், தண்டமின்றி நெடுந்தொலை வந்தவரே வென்றவர் என்பது விதி. அதன்படி வெற்றி சேகரைச் சார்ந்தது. தொடக்கத்தில் அவர் காத்த நிதானமே முடிவில் அவரைக் காத்தது என்க. ஆறு மாதத்துக்குமுன் வீடிழந்தவர்களின் கூட்டத்தில் ஒருவராயிருந்தவர், உலகத் தொடரின் ஒரு போட்டியில் வென்ற முதல் இந்திய மரபினராயினார்.

இனி அவர்க்கு வெற்றிமேல் வெற்றி எனப் பலரும் எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. 1974-லும் 1976-லும் ஜோகிந்தர் சிங் மிட்ஸுபிஷி வண்டியில் வென்றார். 1975-ல் ஓவே ஆண்டர்ஸனும், 1977-ல் பியோர்ன் வால்டெகார்டும், 1978-ல் ழான் பியேர் நிக்கொலாவும் வாகை சூடினர். ஐந்தாண்டு சேகருக்கு ஸபாரியில் வெற்றியில்லை. ஒரு வெற்றி தற்செயலாக வந்ததென்று உலகம் மறந்துவிடுதற்கு ஐந்தாண்டு போதிய காலமன்றோ? அவர் தொழிலை விட்டாரல்லர். ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் அச்செம்மட் சாலைக்கே வந்தார்.

1979-ம் ஆண்டில் மைக் டோட்டி என்பார் துணைவராக, டாட்ஸன் 160ஜே என்னும் சிறுவண்டியிற் சென்றார். எதிர்த்து நின்றது ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் நிறுவனம். ஐந்து லிட்டர் எந்திரமுடைய அப்பெருவண்டியை ஓட்டியவர், 1972-ம் ஆண்டில் வெளிநாட்டினருள் முதன்முதல் ஸபாரியை வென்ற ஹன்னு மிக்கோலா. சிறுவண்டி வென்றது; பெருவண்டி இரண்டாவதாக வந்தது. 1980-லும் சேகரே வென்றார், 1981-லும் வென்றார், வால்டர் ரோல் என்னும் பெருஞ்சாரதி இரண்டாமிடம் பெற்ற 1982-லும் வென்றார். அடுத்தடுத்து நான்கு, முன்னையதனொடு கூட்ட ஐந்து. ஸபாரி வரலாற்றில் ஐந்துக்குமேல் வென்றார் ஒருவருமிலர். 1981-ம் ஆண்டு உலகச் சாரதியர் வரிசையில் ஐந்தாமிடமும் அவர்க்குக் கிடைத்தது. ராலியில் துணைச் சாரதியாக வல்லவரான அவர் மனைவியார் யுவோன் அம்மையாரும் அவரோடு வண்டியேறியவரே.

உலகத் தொடரில் அவர் பெற்ற வெற்றிகள் யாவும் அவ்வொரு சாலையிலேயே என்று குறைகூறுவார் உளர். உண்மையே. ஆனால், ஒரு வயலை நன்கறிந்து உழுபவனை, ஊரிலுள்ள வயல்களையெல்லாம் உழவில்லை என்று நாம் இகழ்வதில்லை.

1982-க்குப் பின் காலம் மாறியது. நான்கு சக்கரமும் தள்ளும் பேராற்றல் வண்டிகள் தோன்றின. புது நிஸ்ஸானில் முயன்றும், பின்னர்ப் பெழோ நிறுவனத்து வண்டியில் முயன்றும், முதலிடம் மீண்டும் அவர்க்கு வாய்க்கவில்லை. பாலைவனப் போட்டிகளிலும் அவர் புகுந்தார். 1987-ம் ஆண்டில் எகிப்து நாட்டுப் பாரோன் ராலியில் நேர்ந்த பெரு விபத்து அவர் உடலை நொறுக்கியது. சாரதித் தொழில் அன்றோடு முடிந்தது.

முடிந்தது தொழிலேயன்றி அவர் தொண்டன்று. தாம் ஓட்ட இயலாத போட்டியைப் பிறர்க்கு ஒழுங்குசெய்யும் பணியில் அவர் இறங்கினார். உலக மோட்டார்ச் சங்கத்தின் ராலிக் குழுவுக்கு 1997-ம் ஆண்டிற் றலைவராயினார். ஒருகாலத்தில் தணிக்கை நிலையத்தில் நேரச்சீட்டை நீட்டியவர், விதி வகுக்கும் அவையில் தலைமை வகித்தார். அவர்க்குப் பேர் தந்த ஸபாரி, 2002-ம் ஆண்டோடு உலகத் தொடரினின்றும் நீங்கியதை அவர் காண நேர்ந்தது. 2021-ல் அது திரும்பியதைக் காண அவர் இல்லை. 2006-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி லண்டனில், 60 வயதில் அவர் உயிர்நீத்தார்.

இச்சரித்திரத்தால் நம் இளைஞர் அறியத்தக்கது யாது? நம் ஊர்ச் சாலைகளில் மாலைவேளையில் மோட்டார் சைக்கிளை முறுக்கிப் பாய்கின்ற பிள்ளைகள், விரைவே வீரமென எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தால் இளமையிலேயே மாண்டோரையும், ஊன்றுகோலோடு திண்ணையில் அமர்ந்தோரையும் நாம் அறிவோம். அவர் தாய்மார் கண்ணீரையும் அறிவோம். உலகின் மிகக் கடிய சாலையில் ஐந்துமுறை வென்றவரோ, வண்டியை முடிவெல்லைவரை உயிரோடு கொண்டுசேர்த்தே வென்றார். அவரும் ஒருநாள் விபத்திற்பட்டார். வல்லார்க்கும் வழி இரங்குவதில்லை. ஆகவே, சாரதித் தொழிலிற் புகும் நம் பிள்ளைகள் எந்திரத்தின் இயல்பைக் கற்கவேண்டும். சாலையின் இயல்பைக் கற்கவேண்டும். எல்லாவற்றினும் மேலாகத் தம் மனத்தின் இயல்பைக் கற்கவேண்டும். ஐந்தாண்டு வெற்றியின்றி இருந்தும் மீண்டும் புறப்பட்ட அந்நெஞ்சுரம் அவர்க்கு வாய்க்குமாயின், பள்ளிப் பரீக்ஷையில் ஒருமுறை தவறினோம், வாங்கிய வண்டிக்குத் தவணை கட்ட முடியவில்லை என்று உயிரையே வெறுப்பார் நம்மிடை இரார். பெற்றோர் இவ்வரலாற்றைத் தம் மக்கட்கு ஒருமுறை படித்துக் காட்டுவாராக.