பட்டம் இல்லாமல் ஹார்வர்ட் சென்ற பாலி அறிஞர் தர்மானந்த கோசாம்பி

கோசாம்பி என்ற பெயரைச் சொன்னதும் வரலாறு படித்தவர்களுக்கு டி. டி. கோசாம்பியின் நினைவுதான் வரும். கணித அறிஞராக இருந்துகொண்டே இந்திய வரலாற்றை உழைக்கும் மக்களின் பக்கம் நின்று எழுதிக்காட்டியவர் அவர். அவருடைய தந்தையும் உலகம் அறிந்த ஓர் அறிஞர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தத் தந்தை கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து படித்ததில்லை, பட்டம் பெற்றதுமில்லை. ஆனாலும் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஒருமுறை அல்ல, பலமுறை அவரை அழைத்தது.

அவர் பெயர் தர்மானந்த தாமோதர் கோசாம்பி. பௌத்தம் மனத்தைப் பற்றிச் சொன்ன நுட்பமான செய்திகளை அவற்றின் மூல மொழியான பாலியிலேயே கற்று, இந்தியக் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

1876-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி, போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவின் சாங்க்வால் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்திற்குத் தென்னந்தோப்பு இருந்தது. பள்ளிப் படிப்பு அங்குமிங்குமாகச் சில ஆண்டுகள் நடந்து, தோப்பு வேலைக்காகவும் உடல்நலக் குறைவாலும் நின்றுபோனது. அன்றைய வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் செய்துவைத்தார்கள். மனைவி பெயர் பாலாபாய்.

தோப்பைப் பார்த்துக்கொண்டு, கிடைத்த மராத்திப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞரின் கையில் ஒருநாள் ‘பாலபோத்’ என்ற சிறுவர் இதழ் கிடைத்தது. அதில் புத்தரைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. சிறுவர்களுக்காக எழுதப்பட்ட அந்தக் கட்டுரைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. புத்தர் சொன்னதை முழுமையாகத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

1899-ஆம் ஆண்டின் கடைசியில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அப்போது அவருடைய முதல் பெண் குழந்தை மாணிக் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. புத்தரும் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுத்தானே போனார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பாலாபாய் காவியத்தில் வரும் பாத்திரம் அல்லர். கணவன் எங்கே போனான், எப்போது வருவான் என்ற கேள்விகளை ஊராரிடமிருந்து சுமார் ஏழு ஆண்டுகள் எதிர்கொண்டவர். கோசாம்பியின் புகழில் ஒரு பங்கு இந்த அம்மாவின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் புனே சென்றார். அங்கே பெரும் புலமை பெற்ற ஆர். ஜி. பண்டார்க்கரைச் சந்தித்தார். சமஸ்கிருதம் தெரியாமல் பௌத்தத்தின் உள்ளே போக முடியாது என்று புரிந்து, குவாலியர் வழியாகக் காசி சென்றார். காசியில் அன்னசத்திரங்களில் சாப்பிட்டுக்கொண்டு இலக்கணம் படித்தார். பிறகு பௌத்தம் உயிரோடு இருக்கும் நாடு என்று நம்பி நேபாளம் சென்றார். அங்கே கண்டது அவர் தேடிப் போன பௌத்தமாக இல்லை. மனம் உடைந்து புத்தகயாவுக்கு வந்தவருக்கு, இலங்கைக்குப் போனால்தான் பாலி நூல்களை முறையாகக் கற்கலாம் என்ற வழி தெரிந்தது.

1902-இல் கொழும்பு சென்று, வித்யோதய பிரிவேனா என்ற புகழ்பெற்ற பௌத்தக் கல்விக்கூடத்தில் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் மாணவராகச் சேர்ந்தார். துறவாடை உடுத்தினார். அடுத்த சில ஆண்டுகள் இலங்கை, சென்னை, பர்மா என்று கழிந்தன. உணவு ஒத்துக்கொள்ளவில்லை, உடல் பலமுறை படுத்தியது. பாலியை மட்டும் விடவில்லை.

சென்னையில் அவர் பழகிய வட்டம் நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும். பேராசிரியர் லட்சுமி நரசுவும் ம. சிங்காரவேலரும் அங்கே பௌத்தப் பணி செய்துகொண்டிருந்த காலம் அது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினாரே, அதே சிங்காரவேலர்தான். தொழிலாளர் தலைவராவதற்கு முன் அவர் பௌத்த ஆர்வலர். கோவாவிலிருந்து வந்த இந்த ஏழைத் துறவியை ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர்.

அப்படி என்னதான் கற்றார் கோசாம்பி? தமிழியல் படித்த காலத்தில் மணிமேகலையின் 29, 30-ஆம் காதைகளைக் கண்டாலே எங்கள் வகுப்புக்கு நடுக்கம். அளவைகள், பன்னிரு நிதானங்கள் என்று கதை திடீரெனத் தத்துவ வகுப்பாக மாறிவிடும். ஆனால் கச்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுத்ததும், கொழும்பிலும் பர்மாவிலும் கோசாம்பி கற்றதும் ஒரே பெருமரத்தின் கிளைகள்தாம்.

பௌத்தர்களின் அபிதம்ம நூல்கள் மனத்தை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. உள்ளே ஒருவர் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறார், கேட்கிறார் என்றும் ஏற்பதில்லை. கணத்துக்குக் கணம் தோன்றி மறையும் அறிவுநிலைகளின் ஓட்டமே மனம் என்கின்றன. அந்த நிலைகளை 89 என்றும், அவற்றோடு சேர்ந்து வரும் பேராசை, வெறுப்பு, கருணை, கவனம் முதலான இயல்புகளை 52 என்றும் எண்ணி வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

ஒன்றைக் காண்பது எப்படி நடக்கிறது என்பதற்குப் பழைய உரைகளில் ஒரு மாமர உவமை உண்டு. மரத்தடியில் ஒருவன் தலையை மூடிக்கொண்டு உறங்குகிறான். பழம் ஒன்று விழும் ஓசையில் விழிக்கிறான். கண் திறந்து பார்க்கிறான், எடுக்கிறான், அழுத்திப் பார்க்கிறான், முகர்ந்து பழுத்ததென்று தெரிந்து தின்கிறான், மீண்டும் உறங்கிவிடுகிறான். ஒரு பொருளைக் கண்ணால் காணும் அந்த இமைப்பொழுதில் மனமும் இத்தனை படிகளைக் கடக்கிறதாம். நாம் கோபப்பட்ட பிறகுதான் கோபம் வந்ததை அறிகிறோம். எந்தப் படியில் அது நுழைகிறது என்று பார்க்கச் சொல்லும் கல்வி இது.

இந்தக் கல்விக்கும் அதையொட்டிய தியான முறைகளுக்கும் தலையாய நூல் ‘விசுத்திமக்கம்’. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் இலங்கையில் இருந்து பாலியில் எழுதியது. ஒழுக்கம், மன ஒருமை, மெய்யறிவு என்ற மூன்று நிலைகளை 23 அதிகாரங்களில் விரிக்கிறது. புத்தகோசர் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் காஞ்சிபுரத்தில் தங்கியதைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பது நமக்குக் கூடுதல் செய்தி. கோசாம்பியின் வாழ்க்கையை இறுதிவரை இழுத்துச் சென்றது இந்த ஒரு நூல்தான்.

1906-இல் துறவாடையைக் களைந்து கல்கத்தா வந்தார். அங்கே பாலி கற்பிக்கும் வேலை கிடைத்தது. ஊருக்குச் சென்று மனைவியைச் சந்தித்துக் குடும்ப வாழ்க்கையைத் தொடர்ந்தார். 1907-இல் மகன் தாமோதர் பிறந்தார். அவர்தான் பிற்கால டி. டி. கோசாம்பி.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நல்ல எதிர்காலம் இருந்தது. ஆனால் கற்றதைத் தம் மராத்தி மக்களுக்குத் தர வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 50 ரூபாய் தருவதாகச் சொன்னதும், கல்கத்தாச் சம்பளத்தைவிட அது மிகக் குறைவு என்று தெரிந்தும் அதை ஏற்றுக்கொண்டு மேற்கே கிளம்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஹார்வர்ட் அழைப்பு வந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. ஹென்றி கிளார்க் வாரன் என்ற அமெரிக்கச் செல்வர், சிறு வயதில் முதுகெலும்பில் அடிபட்டு வாழ்நாளெல்லாம் உடல் குறையோடு இருந்தவர், பாலி கற்று விசுத்திமக்கத்தைப் பதிப்பிக்கும் வேலையில் இறங்கியிருந்தார். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த ஏடுகளை ஒப்பிட்டு மூலத்தை எழுதிவைத்தார். வேலை முடியும் முன் 1899 ஜனவரியில் காலமானார். கோசாம்பி வீட்டைவிட்டுக் கிளம்பியதும் அதே ஆண்டுதான். வாரனின் ஆசிரியரும் நண்பருமான சமஸ்கிருதப் பேராசிரியர் லான்மன், அந்த வேலையை முடித்துத் தர ஆள் தேடினார். 1910-இல் கோசாம்பி கப்பலேறினார்.

மூலத்தை வரிவரியாகச் சரிபார்த்தார். எந்தச் சுத்தத்திலிருந்து எந்த மேற்கோள் வந்தது என்று கண்டுபிடித்தார். பாலி நூல்கள் நெஞ்சில் நிறைந்த ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. ஆனால் நூலில் யார் பெயரை எப்படிப் போடுவது என்ற கேள்வி எழுந்தபோது பிணக்கு வந்தது. வாரனின் நினைவைக் காப்பதே லான்மனின் நோக்கம். தம் உழைப்புக்குரிய இடம் வேண்டும் என்பது கோசாம்பியின் நிலை. ஒத்துவரவில்லை. 1912-இல் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

நான், எனது என்பதெல்லாம் வெறும் தோற்றம் என்று சொல்லும் நூலைக் கரைத்துக் குடித்தவர், அட்டையில் பெயருக்காகச் சண்டை போடலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பற்றை விடுவது வேறு, அடுத்தவர் நம் உழைப்பைத் தம் கணக்கில் எழுதும்போது பேசாமல் இருப்பது வேறு. காடு வெட்டியவன் ஒருவன், பெயர்ப்பலகையில் இருப்பவன் வேறொருவன் என்ற கதையைத் தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லான்மனைக் கெட்டவர் என்றும் சொல்வதற்கில்லை. இறந்துபோன நண்பனுக்கு அவர் உண்மையாக இருந்தார். அதற்கான விலையை மட்டும் வேறொருவர் கொடுக்க வேண்டியிருந்தது.

புனேயின் பெர்குசன் கல்லூரியில் 1912 முதல் 1918 வரை பாலி கற்பித்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பாலிக்கு இடம் கிடைக்க உழைத்தார். பின்னாளில் பெரும் பௌத்த அறிஞராக விளங்கிய பி. வி. பாபட் அவரிடம் பயின்றவர். பட்டம் இல்லாத ஆசிரியர் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

1918-இல் ஹார்வர்ட் மீண்டும் அழைத்தபோது மகளையும் மகனையும் உடன் அழைத்துச் சென்றார். தம் வாழ்க்கையில் கிடைக்காத பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். எந்தக் குழந்தையைத் தொட்டிலில் விட்டுப் போனாரோ, அந்த மாணிக் அமெரிக்காவில் ராட்கிளிப் கல்லூரியில் படித்தார். மகன் பின்னர் ஹார்வர்டிலேயே பட்டம் பெற்றார். பெயர்ச் சிக்கல் அப்போதும் தீரவில்லை. 1922-இல் திரும்பி, அகமதாபாத்தில் காந்தி தொடங்கிய குஜராத் வித்யாபீடத்தில் பணியாற்றினார். 1924-இல் ‘நிவேதன்’ என்ற தன்வரலாற்றை மராத்தியில் வெளியிட்டார். தம்மைப் பற்றிப் பெரிதாக எதுவும் பேசாத நூல் அது.

1926-இல் மூன்றாம் முறையாகச் சென்று, அடுத்த ஆண்டு வேலையை முடித்துக் கொடுத்தார். 1929-இல் லெனின்கிராடுக்குச் சென்றார். பௌத்த அளவையியலில் பேர்பெற்ற ஷெர்பாட்ஸ்கி இருந்த ஊர் அது. அங்கிருந்து திரும்பியவர் நேராக உப்புச் சத்தியாகிரகத்தில் குதித்துச் சிறைக்குப் போனார்.

பம்பாயில் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேல் பகுதியில், 1930-களின் பிற்பகுதியில், ‘பகுஜன விகார்’ என்ற பௌத்த மடத்தை அமைத்து அவர்களிடையே வாழ்ந்தார். ‘பகவான் புத்தர்’ என்ற மராத்தி நூலில், நோயாளி, முதியவர், பிணம் ஆகிய காட்சிகளைக் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் ஆயுதம் ஏந்தியதை வெறுத்தே வெளியேறினார் என்று பழைய நூல்களைக் கொண்டு வாதிட்டார். பின்னர் அம்பேத்கரும் தம் நூலில் ஆற்றுநீர்ச் சண்டையையே காரணமாக வைத்தார்.

விசுத்திமக்கத்தை அவர் காத்திருக்க விடவில்லை. அமெரிக்கப் பதிப்பு அச்சேறாமலே கிடக்க, 1940-இல் பம்பாயில் தேவநாகரி எழுத்தில் தாமே பதிப்பித்தார். மறு ஆண்டு, அபிதம்மத்தைத் தொடங்குவோர் கையில் எடுக்கும் ‘அபிதம்மத்த சங்கக’ நூலுக்குப் பாலியிலேயே உரை எழுதினார். அதற்கு ‘நவநீத டீகை’ என்று பெயர். நவநீதம் என்றால் வெண்ணெய். தமக்குக் கிடைக்காத எளிய ஏணியைப் பின்னால் வருபவர்களுக்குச் செய்து வைத்தார் போலும்.

கடைசி ஆண்டுகளில் உடல் தளர்ந்து நோய் வாட்டியது. இனி யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம் என்று உணவைக் குறைத்து உயிர்விட முடிவு செய்தார். நம் சங்கப் பாடல்களில் வரும் வடக்கிருத்தலை இது நினைவூட்டும். அதைப் பெருமையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. 1946-இல் ஒருமுறை காந்தி தடுத்து நிறுத்தினார். பின்னர் சேவாகிராம ஆசிரமத்தில், 1947 ஜூன் முதல் வாரத்தில், இந்தியா விடுதலை பெற இரண்டரை மாதங்கள்கூட இல்லாத நிலையில் கோசாம்பி மறைந்தார். தம்மைத் தாமே விளம்பரப்படுத்திக்கொள்ளாததால் இவரை நாடு அறியாமல் போனது என்று டெல்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் காந்தி வருந்திப் பேசினார்.

ஹார்வர்ட் கீழைத்தேய நூல் வரிசையில் விசுத்திமக்கம் 1950-இல் வெளிவந்தது. முகப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியராக வாரனின் பெயர் இருந்தது. கீழே, திருத்தியவர் என்று, தர்மானந்த கோசாம்பியின் பெயர்.