கப்பலை விட்டுப் பேனா பிடித்தவர்

கைவந்த தொழிலை விட்டு முன்பின் அறியாத இன்னொரு தொழிலில் இறங்குவதென்றால் எவருக்கும் நெஞ்சு நடுங்கவே செய்யும். வயது முப்பதைத் தாண்டிவிட்டால் அந்த நடுக்கம் இருமடங்காகும். ஊரார் என்ன சொல்வார்கள், உள்ளதும் போய்விடுமோ என்ற எண்ணங்கள் காலைப் பின்னுக்கு இழுக்கும். இந்த அச்சத்தோடு பல வருடங்கள் போராடி, தமது 37ஆவது வயதில் முதல் நூலை வெளியிட்டு, ஆங்கில இலக்கியத்தில் அழியா இடம் பெற்றவர் ஜோசப் கொன்ராட்.

இவர் ஆங்கிலேயரல்லர். அக்காலத்தில் ரஷ்ய ஆட்சியிலிருந்ததும் இன்று உக்ரேனைச் சேர்ந்ததுமான பேர்டிச்சிவ் நகரில், 1857 டிசம்பர் 3ஆந் திகதி, போலந்து இனத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் கவிஞர், ஷேக்ஸ்பியரைப் போலந்து மொழியில் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்காக உழைத்த குற்றத்திற்காக 1862இல் அவர் குடும்பத்தோடு வடரஷ்யாவிலுள்ள வொலொக்டாவுக்கு நாடுகடத்தப்பட்டார். குளிரும் வறுமையும் அவர்களை வாட்டின. 1865இல் தாயும், 1869இல் தந்தையும் காலமாயினர். பதினொரு வயதில் அநாதையான சிறுவனைத் தாய்மாமனாகிய ததேயுஸ் பொப்றொவ்ஸ்கி பொறுப்பேற்றார்.

கடல் அழைத்தது

கடலையே காணாத நாட்டிலே வளர்ந்த இச்சிறுவன், தான் மாலுமியாகப் போவதாக அடம் பிடித்தான். வீட்டார் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. 1874இல், பதினாறு வயதில், பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குச் சென்று கப்பலேறினான். 1878இல் பிரித்தானியக் கப்பலொன்றில் சேர்ந்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் சொற்பமே. இருபது வயதின் பின்னரே அம்மொழியைக் கற்றார். பரீட்சைகளில் தவறியபோதும் மீண்டும் எழுதித் தேறி, 1886இல் கப்பற்றலைவருக்குரிய தராதரப் பத்திரம் பெற்றார். பிரித்தானியப் பிரசையானதும் அதே ஆண்டிலேதான். 1888இல் ஒற்றாகோ என்ற பாய்க்கப்பலுக்குத் தலைவராகும் பேறும் கிடைத்தது. மாமனாருக்கும் மனம் நிறைந்தது.

பெட்டிக்குள் கிடந்த கதை

1889ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அடுத்த கப்பலுக்காக லண்டனில் காத்திருந்த வேளையில், ஒருநாட் காலை உணவுக்குப் பின் இவர் கதையொன்றை எழுதத் தொடங்கினார். அதுவும் தாய்மொழியிலன்று, இரண்டாவதாகக் கற்ற பிரெஞ்சிலுமன்று. மூன்றாவது மொழியான ஆங்கிலத்தில். பேசும்போது அவரது உச்சரிப்பு கேட்போருக்குச் சிரமம் கொடுத்தது. இறக்கும்வரை அது மாறவேயில்லை. அத்தகையவர் அம்மொழியில் நூலெழுத அஞ்சியதில் வியப்பென்ன?

ஆகவே கதை மெல்ல மெல்லவே வளர்ந்தது. ஐந்து ஆண்டுகள் அக்கையெழுத்துப் பிரதி அவரோடு கூடவே பயணம் செய்தது. 1890இல் ஆபிரிக்காவின் கொங்கோ ஆற்றில் தோணியிற் செல்லுகையிலும், பின்னர் பேர்லின் புகையிரத நிலையமொன்றிலும் அது தொலைந்துபோகப் பார்த்தது. கொங்கோவில் கண்ட கொடுமைகளும் பிடித்த காய்ச்சலும் அவர் உடலை நிரந்தரமாகவே பலவீனப்படுத்திவிட்டன.

அடுத்து ரொறென்ஸ் என்ற கப்பலில் முதல் அதிகாரியாகப் பணிபுரிந்தபோது, கேம்பிரிட்ஜில் படித்த நோயாளியான இளைஞரொருவர் பயணியாக வந்தார். தயங்கித் தயங்கி அவரிடமே கொன்ராட் தமது பிரதியை முதன்முதலாக வாசிக்கக் கொடுத்தார். இதை முடிப்பது தகுமா என்று கேட்டார். தகும் என்று அந்த இளைஞர் சுருக்கமாகப் பதிலளித்தார். அவர் சில காலத்தில் இறந்துபோனாலும், அவர் தந்த துணிவு இறக்கவில்லை.

1894 பெப்ரவரியில் மாமனார் காலமானார். அவ்வாண்டிலேயே கதை முடிவுற்றது. தம் பெயரை வெளியிடத் துணியாமல், மலாய் மொழியில் சுக்கான் எனப் பொருள்படும் கமூடி என்ற புனைபெயரில் அதைப் பதிப்பகத்திற்கு அனுப்பினார். பதிப்பகம் 20 பவுண் கொடுத்து ஏற்றுக்கொண்டது. 1895 ஏப்ரலில் அல்மேயரின் மடமை என்ற அந்த நாவல் ஜோசப் கொன்ராட் என்ற பெயரோடு வெளிவந்தது. மாமனாரின் நினைவுக்கே அவர் அதைக் காணிக்கையாக்கினார்.

இன்னுமொன்று

ஒரு நூல் வெளிவருவதால் மட்டும் ஒருவர் எழுத்தாளராகிவிடுவதில்லை. கொன்ராட்டுக்கோ அப்போதும் மனம் கடலிலேயே இருந்தது. இந்நிலையில் பதிப்பகத்தின் வாசகரும் பின்னாளில் உற்ற நண்பருமான எட்வேட் கானெற் ஒரு நல்ல காரியம் செய்தார். கடலை விட்டுவிடு, வாழ்நாள் முழுவதும் எழுது என்று அவர் புத்தி சொல்லவில்லை. இன்னுமொன்று எழுதினாலென்ன என்று மட்டுமே கேட்டார். தொடர்ந்து எழுதும்படி சொல்லியிருந்தால் தாம் மிரண்டு ஓடியிருக்கக்கூடும் என்றும், இன்னுமொன்று என்பது இலகுவாகத் தோன்றியதென்றும் கொன்ராட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அன்றிரவு வீடு திரும்பியவர், உறங்குமுன்னரே அடுத்த நாவலில் அரைப் பக்கம் எழுதிவிட்டார்.

அத்துடன் அச்சம் அகன்றுவிட்டதென்று எண்ணவேண்டாம். 1896இல் திருமணம் செய்து குடும்பஸ்தரான பின்பும் கப்பல் வேலை தேடி 1898இல் கிளாஸ்கோ வரை அலைந்தார். வேலை கிட்டவில்லை, எழுத்து நிலைத்தது. கடனும் வாதநோயும் விடாது துரத்தியபோதும் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1900இல் வெளிவந்த லோர்ட் ஜிம், ஆபத்துக் கணத்தில் அஞ்சிப் பயணிகளைக் கைவிட்டுக் கப்பலிலிருந்து குதித்த இளம் அதிகாரியொருவனின் கதை. அச்சம் மனிதனை என்ன செய்யும் என்பதை உள்ளிருந்து அறிந்தவரே அதை எழுதியிருக்க முடியும். நல்ல வருமானம் கிடைத்ததோ 1914இல் சான்ஸ் என்ற நாவல் நூலாக வெளிவந்த பின்னரே. 1924இல் பிரித்தானிய அரசு அளிக்க முன்வந்த சேர் பட்டத்தை மறுத்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆந் திகதி காலமான அவருடைய உடல் கன்ரபரியில் கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது.

அச்சம் தீர்ந்த பின்னரே தொடங்குவேன் என்று காத்திருந்தால் கொன்ராட் ஒரு வரியும் எழுதியிருக்கமாட்டார். அச்சத்தையும் கூட்டிக்கொண்டே அவர் நடந்தார். எமது பிள்ளைகளில் யாரேனும் புதிய பாதையொன்றை நாடித் தயங்கி நிற்கும்போது, நாமும் நீண்ட உபதேசம் செய்யவேண்டியதில்லை. அவர்கள் செய்ததை அன்போடு பார்த்து, இன்னுமொன்று செய்தாலென்ன என்று கேட்டாலே போதும்.